என் பங்குக்கு விழுந்த இங்கிலீசு வார்த்தை

என் வயதுக்காரிகளே, உங்களில் பாதிப் பேருக்குப் பல் இல்லை, மீதிப் பேருக்குக் காது மந்தம். எனக்கு இரண்டும் ஓரளவு இருக்கின்றன, போனது இங்கிலீசுதான். சின்ன வயதில் படித்த இங்கிலீசு வார்த்தைகளில் இன்று மிச்சம் இருப்பவை பத்துக்குள் அடங்கும். அதில் ஒன்றை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அர்த்தத்தோடும் உபயோகத்தோடும் சொல்லுவேன். பேரப்பிள்ளைகளுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு. நாய்க்கும் பூனைக்கும் இங்கிலீசு தெரியாத கிழவிக்கு இது மட்டும் எப்படித் தெரியும் என்கிறார்கள். அவர்களுக்கு முழுக் கதையும் கேட்கப் பொறுமை கிடையாது. உங்களுக்கு வேறு என்ன வேலை, கேளுங்கள்.

மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். சுண்ணாம்பு ஏற்றிய வண்டிகள் கம்பம் வழியாகக் கூடலூருக்கும், அங்கிருந்து மலைக்கும் விடிய விடியப் போகும். வண்டி போன தடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அதில் காலை வைத்து நடந்தால் பாதம் எரியும். அணை வேலைக்கு இங்கிலீசு தெரிந்த ரைட்டர் வேண்டுமாம் என்ற செய்தி உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வேதக்கார, கிறிஸ்தவ ஊருக்கும் வந்தது. அதுவரை இங்கிலீசு இல்லாமல் நன்றாகத்தான் இருந்தோம். செய்தி வந்த பிறகு ஊருக்கே இங்கிலீசுப் பசி எடுத்துவிட்டது. கோவில் பள்ளிக்கூடத்துக்குத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார்கள். அவருக்கே அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. மேல்சட்டைக்கு ஒரே ஒரு பொத்தான். குரல் மட்டும் பெரிய கோவில் மணி.

பையன்கள் பதினாறு பேர், பெண்கள் மூன்று பேர். எனக்குப் பத்து வயது. என்னைப் படிக்க அனுப்பியதில் ஐயாவுக்கு இஷ்டமே இல்லை. என் தகப்பனாரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தாதான் பிடிவாதம் பிடித்தாள். “நாளைக்கு வாரவன் மலை வேலைக்குப் போயி இங்கிலீசுல கடுதாசி போட்டான்னா, அதை ஊராள் கையிலயா குடுத்துப் படிப்பா?” என்று கேட்டாள். வராத மாப்பிள்ளையின் எழுதாத கடிதத்துக்காக நான் பள்ளிக்கூடம் போனேன்.

எங்கள் ஊரில் வருஷப் பிறப்பன்று பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் திருவுளச்சீட்டு எடுப்பார்கள். சீட்டில் எந்தப் புனிதர் பெயர் வருகிறதோ, அந்த வருஷம் முழுக்க அவர்தான் அந்த வீட்டுக்குத் துணை. எனக்கு இவர் வேண்டாம், அவரைக் கொடு என்று கேட்க முடியாது, அது தேவசித்தம். வாத்தியார் இதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலும் சீட்டுப் போட்டார். எங்கள் கோவில் பாதிரிச் சாமியார் பங்களாவிலிருந்து வாங்கிவந்த நீல பிஸ்கோத்து டப்பா ஒன்று. மூடியில் ஒரு பாய்மரக் கப்பல். அதற்குள் பத்தொன்பது சீட்டு, சீட்டுக்கு ஒரு இங்கிலீசு வினைச்சொல். அந்த வருஷம் முழுக்க அந்தச் சொல் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்.

பெரியப்பா மகனுக்கு ‘ரன்’ விழுந்தது. மாமன் மகளுக்கு ‘சிங்’. மேலத்தெருவில் ஒரு குண்டுப் பையன் இருந்தான்; அவனுக்கு ‘ஈட்’ விழுந்ததில் எல்லோருக்கும் தேவசித்தத்தின் மேல் நம்பிக்கை கூடியது. நான் கையை விட்டேன். டப்பாவுக்குள் இன்னும் வெண்ணெய் வாசனை இருந்தது. என் சீட்டை வாங்கி வாத்தியார் உரக்கப் படித்தார்.

“என்டாங்கிள்!”

பையன்கள் அதைக் கசாயத்தின் பெயர் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு சீட்டுக் கேட்டேன்.

“தேவசித்தத்தை மாத்த நான் யாரு?” என்றார் வாத்தியார். “அழுகாம அர்த்தத்தைக் கேளு. நூலோ முடியோ கயிறோ கொடியோ, ஒண்ணுல ஒண்ணு சுத்தி மாட்டிக்கிட்டு, இழுக்க இழுக்க இறுகுதுல்ல? அப்படிச் சிக்கவைக்கிறதுக்குப் பேருதான் என்டாங்கிள். அர்த்தம் நான் குடுத்துட்டேன். உபயோகம் நீதான் கொண்டு வரணும்.”

அதுதான் அவர் வைத்த சட்டம். தினமும் காலையில் அவரவர் சொல்லுக்கு ஒரு உபயோகம் கொண்டுபோக வேண்டும். கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். கற்பனையாகச் சொன்னால் மணலில் முட்டி போட வேண்டும். ‘ஈட்’ பையனுக்கும் ‘ரன்’ பையனுக்கும் என்ன கவலை? ஊரில் யாராவது தின்றுகொண்டும் ஓடிக்கொண்டும்தானே இருப்பார்கள். நான்தான் சிக்கைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தேன்.

தேடத் தொடங்கியதும்தான் தெரிந்தது, உலகமே சிக்கலாகத்தான் கிடக்கிறது என்று. ஆட்டுக்குட்டி கயிற்றில் மாட்டியிருந்தது. மாமன் மகள் முடி இலந்தை முள்ளில் மாட்டியது. ஒருநாள் மாலைச் செபத்தில் ஆத்தா குனிந்தபோது செபமாலை தாலிக்கயிற்றோடு பின்னிக்கொண்டது. ஆத்தா ஒரு கையால் அதை எடுத்துக்கொண்டே மந்திரத்தை விடாமல் சொன்னாள். மறுநாள் காலை, “தி ரோசரி ஈஸ் என்டாங்கிள்டு இன் தி தாலி” என்று ஒப்பித்தேன். வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “சரியான உபயோகம். ஆனா சாமியார் காதுல விழ வேணாம்” என்றார்.

கொஞ்ச நாளில் ஊரே எனக்குச் சிக்குச் சேர்க்க ஆரம்பித்தது. கம்பத்திலிருந்து மட்டக்குதிரைகளில் மிளகு ஏற்றிக்கொண்டு வரும் ராவுத்தர் மாமா, எங்கள் தெரு முனைக்கு வந்ததும் என்னைத்தான் தேடுவார்.

“ஏ புள்ள, இங்கன வா. உனக்குன்னே அவுக்காம வச்சிருக்கேன்” என்று குதிரை வாலைக் காட்டினார். வால் முழுக்க நாயுருவி ஒட்டிச் சடையாகத் தொங்கியது. “மலையாளத்தாளுக இதைக் குடுங்கிப்போச்சும்பாக. உங்க வாத்தியார் என்னன்னு சொல்றாக?”

“என்டாங்கிள்னு சொல்றாக மாமா.”

“அதுவும் நல்லாத்தான் இருக்கு” என்று குதிரையிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த வாலை அவிழ்க்க ஒரு நாழிகை ஆயிற்று. மிளகு வாசனையும் குதிரை வியர்வையும் கலந்து அடித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

எல்லாம் கன்றுக்குட்டியால் கெட்டது. ஒருநாள் எங்கள் கன்று முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு கழுத்தில் இறுகி, நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் நின்று வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன். கன்று முதலா, கயிறு முதலா என்ற குழப்பத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயா ஓடிவந்து கயிற்றை அறுத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சாகப் போற சீவனைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதா உன் படிப்பு? இனி உன்னைப் பத்தி ஒரே ஒரு பிராது என் காதுக்கு வரட்டும். அன்னைக்கோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு.”

ஐயா சொன்னால் சொன்னதுதான்.  வார்த்தையைத் தேடி அலைந்து அலைந்து, இனி அது இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தேன். கசாயப் பெயர் என்று அழுதவள்தான்.

இனி வெளியே போய் வம்பை விலைக்கு வாங்கக் கூடாது என்று வீட்டோடு இருந்தேன். வீட்டுக்குள் எத்தனை சிக்கு இருக்கும்? நாலே நாளில் தீர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் அந்திக்குள் ஒன்று வேண்டும். கொல்லையில் நின்று சுற்றிலும் பார்த்தேன்.

எங்கள் கொல்லையையும் பெரியப்பா கொல்லையையும் ஒரு மண்சுவர் பிரித்தது. பாகம் பிரித்தபோது எழுப்பியது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகப் பேசவில்லை. எதற்காகச் சண்டை என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஏதோ ஒரு வேப்பமரம் என்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சுரைப் பந்தல். அந்தப் பக்கம் அவர்கள் பீர்க்கு. அதன் நுனி சுவர்மேல் வந்து, எங்கே போவது என்று தெரியாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் உரலைப் புரட்டிப் போட்டு ஏறினேன். பீர்க்கு நுனியை இழுத்து எங்கள் சுரைக்கொடியில் மூன்று சுற்றுச் சுற்றி, விழாமல் இருக்க வாழைநாரால் ஒரு முடிச்சும் போட்டேன். மறுநாள் காலை, கொடியும் கொடியும் சிக்கியதைக் கண்ணால் கண்டேன் என்று சொன்னேன். பொய்யில்லையே? கண்டேன்தானே?

அதன் பிறகு அதை மறந்தே போனேன். கொடி மறக்கவில்லை. அதன் பற்றுக்கம்பிகள் சுருள் சுருளாக நீண்டு கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டன. பங்குனி பிறப்பதற்குள் எங்கள் பந்தலில் சுரைக்காய்களுக்கு நடுவே பீர்க்கங்காய்கள் வரிசையாகத் தொங்கின.

முதலில் சுவருக்கு மேல் பெரியம்மா குரல் கேட்டது. “ஊரான் வீட்டுக் காயில துவையல் அரைக்கிறாக, நல்லா இருக்கட்டும்!” பெரியப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினாள் என்பது இப்போது புரிகிறது. ஏனென்றால் அன்று மத்தியானமே அதே பெரியம்மா, பின்பக்கம் சுவர் இடிந்த சந்து வழியாக, துவையலுக்கு உளுந்து வறுத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனாள். ஆண்கள் பேசாமல் இருந்த இரண்டு வருஷத்தில் பெண்கள் ஒருநாள்கூடப் பேச்சை நிறுத்தியிருக்கவில்லை. நீங்களும் பெண்கள்தானே, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஆண்கள் விஷயம் வேறு. என் பந்தலுக்குப் பாத்தியதை கொண்டாடத்தான் அண்ணன் கொடியை ஏற்றிவிட்டார் என்றார் ஐயா. காயைத் திருடத்தான் தம்பி கொடியை இழுத்துக்கொண்டான் என்றார் பெரியப்பா. நேரில் அல்ல, தெருவில் போகிறவர்களிடம். ஒரு சின்னப் பிள்ளைக்கும் இரண்டு கை இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. பெரியப்பா பிராது கொடுக்க, வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் என்று முடிவாயிற்று. அங்கே ஒருவர் திருடன், அல்லது மற்றவர் பொய்யர் என்று ஆகிவிடும்.

 ஓடிப்போய்ப் பந்தலைப் பார்த்தேன். அவிழ்த்துவிடலாம் என்றால் எது எந்தக் கொடி என்றே தெரியவில்லை. இதை இழுத்தால் அது முறிந்தது. உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். சொல்லாவிட்டால் ஐயாவோ பெரியப்பாவோ ஊர் முன்னால் தலை குனிய வேண்டும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிப் பொறுத்தல் கேட்பதுதான் அது. அங்கே கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே விடக் கூடாது. அதனால் அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்தேன்.

ஆனால் முழங்கால் போட்டதும் வாய் வரவில்லை. பொய், களவு, கோபம் என்று எல்லாப் பாவத்துக்கும் பெயர் உண்டு. என் பாவத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

“சாமி, நான் என்டாங்கிள் பண்ணிட்டேன்.”

 எங்கள் சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்துப் புத்தகம் மாதிரியே பேசுவார். இங்கிலீசு அவருக்கு எங்கள் அளவுக்குத்தான்.

“மகளே, அது எத்தனையாம் கற்பனைக்கு விரோதமான பாவம்?” என்றார். பத்துக் கட்டளைகளை அப்போது கற்பனை என்போம்.

“தெரியல சாமி. வாத்தியாருக்குத்தான் தெரியும். அவுகதான் சொல்லிக் குடுத்தாக.”

சாமியார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கடைசியில் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். “இனிமேல் அதைச் செய்யாதே. வாத்தியார் சொன்னாலும் செய்யாதே” என்றார். பாவம், அந்த மனுஷர் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை காலை சாமியார் நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். யார் சொன்னது, ஏன் கேட்கிறேன் என்று அவர் வாய் திறக்க முடியாது. அதனால் ரொம்பச் சாமர்த்தியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, தாடியைத் தடவியபடி கேட்டார்:

“வாத்தியாரே, ஆங்கில பாஷையில் என்டாங்கிள் என்றொரு வினை உண்டாமே. அதன் அர்த்தம் என்ன? அதை உபயோகிக்கும் விதம் என்ன?”

பதினெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. ஊரில் அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரி ஒருத்திதான் என்பது சாமியாருக்குத் தெரியாது. வாத்தியாருக்கோ பெருமை தாங்கவில்லை. தன் பாடம் சாமியார் பங்களா வரை போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார்.

“சாமி, அது இந்தப் பிள்ளையோட சொல்லு! எந்திரி. சாமிக்கு இன்னைக்கு உள்ள உபயோகத்தைச் சொல்லு. கண்ணால கண்டது!”

எழுந்து நின்றேன். எதிரே சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒன்று, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றைக்கு என்று என்னிடம் வேறு எந்தச் சிக்கும் இல்லை. பொய்யாக ஒன்றைச் சொல்லலாம். ஆட்டுக்குட்டி, முள், கயிறு, எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் இத்தனை மாதமாக அந்த வார்த்தையை நான் ஒருநாளும் பொய்யாகச் சொன்னதில்லை. கொடிக்கு இங்கிலீசில் ‘வைன்’ என்று சாமியார் தோட்டத்துத் திராட்சையைக் காட்டி வாத்தியார் சொல்லியிருந்தார். மற்ற வார்த்தைகள் தாமாக வந்தன.

“ஐ என்டாங்கிள்டு மை அங்கிள்ஸ் வைன் இன் மை ஃபாதர்ஸ் வைன்.”

வாத்தியார் துள்ளிவிட்டார். “ஆகா! ஒரு பிழை இல்ல சாமி! இத்தனை நாளும் அது சிக்குச்சு, இது சிக்குச்சுன்னுதான் சொல்லுவா. இன்னைக்குத்தான் ‘நான்’னு தொடங்கியிருக்கா! ஏலே, எல்லாரும் அர்த்தம் கேட்டுக்கங்க. நான், என் பெரியப்பாவோட கொடியை, என் தகப்பனார் கொடியோட, சிக்க...”

அங்கே குரல் இறங்கியது. “...வச்சேன்” என்று முடித்தபோது அவருக்கே கேட்டிருக்காது.

பெரியப்பா மகன் எழுந்தான். ‘ரன்’ அவனுடைய சொல் அல்லவா, சொல்லுக்கு மரியாதை செய்தான். நேரே வீட்டைப் பார்த்து ஓடினான். சாமியார் முகம் முதலில் சிவந்தது, பிறகு மலர்ந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“இதை நான் இங்கே, வகுப்பில், எல்லோரோடும் சேர்ந்து கேட்டேன். ஆகையால் இப்போது எனக்குத் தெரியலாம். அப்படித்தானே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது கொல்லையில் எல்லோரும் இருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஐயாவும் ஆத்தாவும் சாமியாரும்; அந்தப் பக்கம் பெரியப்பா தலையும் பெரியம்மா தலையும். ஐயா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

“நாளையிலருந்து பள்ளிக்கூடம் கிடையாது. சொன்னேன்ல?” என்றார்.

ஆத்தா வாய் திறப்பதற்குள் சுவருக்கு மேலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஏலே, பிள்ளைய எதுக்குடா நிறுத்துற?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெரியப்பா தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.  ஐயா பந்தலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“பிராது வந்தா நிறுத்துவேன்னு சொல்லியிருந்தேன்.”

“பிராது குடுத்தவன் நான். நான் வாபஸ் வாங்கிட்டேன். போதுமா?”

“உங்களைத் திருடன்னு ஊரெல்லாம் சொன்னேனே, அதை எப்படி வாபஸ் வாங்குறது?” என்று கேட்டார் ஐயா.

“நான்தான் உன்னைத் திருடன்னேன். நீ என்னையப் பாத்தியதைக்காரன்னே. எது மோசம்னு கூட்டத்துல கேப்பமா?” என்றார் பெரியப்பா. பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆத்தாவும் சிரித்தாள். சாமியார் எந்தப் பக்கமும் பார்க்காமல் ஒரு பீர்க்கங்காயைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாழைநார் முடிச்சை முதல் வாரமே பார்த்துவிட்டேன் என்று ஆத்தா எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் சொன்னாள். எதற்காகப் பேசாமல் இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஊர்க்கூட்டம் நடக்கவில்லை. ஆனால் என் காரியம் மட்டும் தொங்கலில் இருந்தது. போ என்றும் ஐயா சொல்லவில்லை, போகாதே என்று சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. விடிந்ததும் சிலேட்டை ஊமத்தை இலையால் தேய்த்துக் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் கழுவினேன். ஐயா மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து எதிரில் குந்தினார்.

“நேத்து இங்கிலீசுல என்னமோ சொன்னியாமே. சொல்லு பாப்பம்.”

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

“அதுல நான் இருக்கேனா?”

“இருக்கீக ஐயா.”

“அண்ணன்?”

“அவுகளும் இருக்காக.”

ஐயா சிலேட்டை வாங்கி, கற்றை வைக்கோலைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுத்தே இல்லாத அந்தக் கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒரே வரியிலயா?”

“ஒரே வரியிலதான் ஐயா.”

சிலேட்டை என்னிடம் நீட்டினார்.

“அப்பச் சரி. ஓடு, மணி அடிக்கப் போறாக.”